ஈரான் தலைமையை அணுசக்திப் பேச்சில் நம்பலாமா? தேதியோடும் அளவோடும் சொல்லுங்கள்

மயிலாப்பூர் சுந்தர் | 6 டிசம்பர் 2025

வரும் ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறோம். ஆட்கள் இப்போதே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சி, ஈரான் பேச்சுவார்த்தையை நேரம் கடத்தத்தான் வைத்திருக்கிறது, மேலே கையெழுத்துப் போட்டுக்கொண்டே கீழே மலையைக் குடையும் என்கிறது. மறு கட்சி, ஈரானும் ஆறு நாடுகளும் போட்ட 2015 அணு ஒப்பந்தத்தைக் கிழித்தது அமெரிக்காதானே, நம்பிக்கையைப் பற்றி யார் யாரிடம் கேட்பது என்கிறது. இரண்டு பக்கமும் கோஷம்தான் இருக்கிறது, விவரம் இல்லை.

எனக்கு வேண்டியது இது: ஈரான் எதை ஒப்புக்கொண்டது, அதை யார் எப்படி அளந்தார்கள், எங்கே மீறல். கூடவே மூன்று சந்தேகம். குண்டுக்கு யுரேனியத்தில் 235 வகை அணு 90 சதவீதம் வேண்டும் என்றால், ஈரான் எட்டிய 60 சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? அணுகுண்டு ஹராம் என்று காமனெயி சொன்னதற்கு ஏதாவது மதிப்பு உண்டா? இனி ஒரு ஒப்பந்தம் வந்தால் முதல் நாள் வேலை என்னவாக இருக்கும்?

பரங்கிமலை பாலா

நம்பக் கூடாது என்ற பக்கத்தை நான் வைக்கிறேன். மதத்தையோ இனத்தையோ இழுக்க வேண்டியதில்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் அறிக்கைகளில் இருப்பதே போதும்.

ஈரான் 1970-லேயே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட நாடு. முகமையுடன் செய்துகொண்ட கண்காணிப்பு உடன்பாடு 1974 முதல் நடப்பில் இருக்கிறது. நாட்டுக்குள் வரும் அணுப்பொருளைக் கணக்கில் காட்டுவது அதன் அடிப்படைக் கடமை. 1991-இல் சீனாவிலிருந்து வாங்கிய சுமார் 1.8 டன் யுரேனியத்தை 2003 வரை காட்டவில்லை. யுரேனியத்தில் 235 வகையின் பங்கைக் கூட்டும் நதன்ஸ் செறிவூட்டல் ஆலையும் அராக் கனநீர் ஆலையும் 2002 ஆகஸ்டில் உலகத்துக்குத் தெரியவந்தன. அதைச் சொன்னது தெஹ்ரான் அல்ல, வெளிநாட்டில் இயங்கும் எதிர்ப்பு அமைப்பு.

2003-இல் தெஹ்ரானிலுள்ள கலாயே மின்கருவி நிறுவனத்தில் மாதிரி எடுக்க ஆய்வாளர்கள் கேட்டார்கள். அனுமதி மாதக்கணக்கில் இழுத்தது. உள்ளே போனபோது கட்டடத்தைப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். அப்படியும் உயர்செறிவு யுரேனியத் துகள்கள் கிடைத்தன. அணுப்பொருளை ஏற்றி சென்ட்ரிஃபியூஜை (யுரேனியத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) சோதித்ததே இல்லை என்று அதுவரை சொன்னவர்கள், அந்த அக்டோபரில் 1998 முதல் 2002 வரை சோதித்ததை ஒப்புக்கொண்டார்கள். அப்போது முழு விவரம் என்று சொல்லிக் கொடுத்த அறிக்கையிலும் பி-2 ரக சென்ட்ரிஃபியூஜ் வரைபடங்கள் இல்லை. 2004 தொடக்கத்தில் அது தனியாக வெளிவந்தது.

அடுத்தது ஃபோர்டோ. புதிய அணு ஆலை கட்ட முடிவெடுத்த உடனேயே முகமைக்குச் சொல்ல வேண்டும் என்ற திருத்தப்பட்ட விதி 3.1-ஐ ஈரான் 2003-இல் ஏற்றுக்கொண்டது. 2007 மார்ச்சில் தானாகவே அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஒருதலையாக அப்படிச் செய்ய உடன்பாட்டில் இடமில்லை என்று முகமை அப்போதே சொன்னது. 2009 செப்டம்பரில் கோம் நகருக்கு அருகே மலைக்குள் ஃபோர்டோ என்ற இன்னொரு செறிவூட்டல் ஆலை இருப்பது தெரிந்தது. ஒபாமா, சார்கோசி, பிரவுன் மூவரும் பிட்ஸ்பர்க்கில் அதை அறிவிப்பதற்குச் சில நாள் முன்பு ஈரான் அவசரமாக முகமைக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அணுப்பொருள் உள்ளே போவதற்கு 180 நாள் முன்னால் சொன்னால் போதும் என்ற பழைய விதிதான் தங்களைக் கட்டுப்படுத்தும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பழைய விதிக்குத் திரும்பிக்கொண்டதே அவர்கள்தான்.

துர்குஸாபாத் கிடங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் நெதன்யாகு அதை ரகசிய அணுக் கிடங்கு என்று பெயர் சொல்லிக் காட்டினார். ஆய்வாளர்கள் 2019 பிப்ரவரியில் போனபோது கிடங்கு காலி. இருந்தும் பதப்படுத்தப்பட்ட யுரேனியத்தின் துகள்கள் கிடைத்தன. ஈரான் கொடுத்த விளக்கங்கள் தொழில்நுட்ப ரீதியில் நம்பத்தக்கவையாக இல்லை என்பதுதான் முகமையின் முடிவு.

எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கு தெரிகிறது. வெளியே தெரிந்த பிறகுதான் ஒப்புக்கொள்வார்கள். அதிலும் தெரிந்த அளவுக்கு மட்டும். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நம்பிக்கை என்று பேசுவது எனக்குப் பொறுப்பான செயலாகத் தெரியவில்லை.

பெசன்ட்நகர் ரேவதி

பாலா சார் சொன்ன நிகழ்ச்சிகள் எல்லாம் சரி. ஆனால் கலாயே கதையில் ஒரு பாதி விட்டுப்போயிருக்கிறது. அந்தத் துகள்களில் பெரும்பகுதி, பாகிஸ்தானின் ஏ.க்யூ. கான் வலைப்பின்னல் வழியாக வந்த பழைய பாகங்களில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது என்ற ஈரானின் விளக்கத்தோடு ஒத்துப்போவதாகப் பிறகு முகமையே கண்டது. சுவரையும் குழாயையும் பஞ்சுத் துணியால் துடைத்து எடுத்த அதே மாதிரி, ஈரானின் ஒரு பொய்யைப் பிடித்தது, ஒரு உண்மையை உறுதியும் செய்தது. தலைவர் யோக்கியரா என்ற கேள்விக்கு அந்தத் துணியில் பதில் இல்லை. அது தேவைப்படவும் இல்லை.

எங்கே அளவுகோல் இருந்தது, எங்கே இல்லை என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பாலா சார் காட்டிய மறைப்புகள் ஏறக்குறைய எல்லாமே ஆய்வாளர் போக முடியாத இடத்தில் நடந்தவை. அளவுகோல் வைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு 2015 ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2016 ஜனவரி 16 முதல் 2019 நடுப்பகுதி வரையிலான காலத்தைப் பார்க்க வேண்டும்.

2015 ஜூலை 14-இல் வியன்னாவில் ஒப்புக்கொண்டவை: செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கையிருப்பு, ஹெக்ஸாஃபுளோரைடு (செறிவூட்டுவதற்காக வாயுவாக்கும் யுரேனியச் சேர்மம்) எடையில் 300 கிலோ, அதாவது யுரேனியமாக 202.8 கிலோ. நதன்ஸில் ஐஆர்-1 என்ற பழைய ரக சென்ட்ரிஃபியூஜ் 5060, ஃபோர்டோவில் 1044. ஃபோர்டோவில் 15 ஆண்டுகள் யுரேனியச் செறிவூட்டலே கிடையாது. அராக் உலையின் மையக்கலத்தை எடுத்துக் கான்கிரீட் ஊற்ற வேண்டும். சென்ட்ரிஃபியூஜின் சுழல் குழாய்க்கும் பெல்லோஸுக்கும் (குழாய்களை இணைக்கும் மடிப்புப் பாகம்) 20 ஆண்டுகள், யுரேனியத் தாதுத் தூளுக்கு 25 ஆண்டுகள் கண்காணிப்பு. கிட்டத்தட்ட 10 டன் குறைசெறிவு யுரேனியம் நாட்டைவிட்டுப் போனது, பெரும்பகுதி ரஷ்யாவுக்கு. கழற்றிய இயந்திரங்கள் சீல் வைத்த கிடங்குக்குப் போயின.

மீறலே இல்லையா என்றால், இருந்தது. அராக் மாதிரி உலையில் பயன்படும் கனநீருக்கு வரம்பு 130 டன். 2016 பிப்ரவரியில் 130.9, நவம்பரில் 130.1 என்று முகமை பதிவு செய்தது. இரண்டாவது முறை மிகுந்தது 100 கிலோ. அதையும் அறிக்கையில் எழுதினார்கள், ஈரானும் மிகுதியை வெளியே அனுப்பியது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வது இதற்குத்தான். இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள்தான், அமெரிக்கா 2018 மே 8-இல் விலகிய பிறகும் ஓராண்டுக்கு மேல் ஈரான் செறிவு, கையிருப்பு வரம்புகளுக்குள் இருப்பதாக அறிக்கை தந்தார்கள். 300 கிலோவைத் தாண்டியது 2019 ஜூலையில். அதையும் முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள்.

இப்போது சுந்தர் சார் கேட்ட 60 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் 60-க்கும் 90-க்கும் நடுவே நீண்ட தூரம் இருப்பதுபோலத் தோன்றும். அணுக்களை எண்ணிப் பாருங்கள். இயற்கை யுரேனியத்தில் 1000 அணுவுக்கு 7 மட்டுமே 235 வகை, மீதி 993 வேண்டாத 238. 3.67 சதவீதம் வர வேண்டுமானால் அந்த 7-ஐ வைத்துக்கொண்டு ஏறத்தாழ 800 அணுக்களை விலக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு 965. 60 சதவீதத்துக்கு 988. 90 சதவீதத்துக்கு 992. ஆகவே 60-இல் நிற்கிறவர் விலக்க வேண்டியது இன்னும் நான்கே அணு.

சென்ட்ரிஃபியூஜ் செய்யும் பிரிப்பு வேலையை அளக்கும் அலகிலும் அதே படம்தான். 25 கிலோ யுரேனியம்-235 அடங்கிய 90 சதவீதப் பொருளை இயற்கை யுரேனியத்திலிருந்து எடுக்க 5000 அலகுக்குச் சற்று மேல் ஆகும். ஒரு ஐஆர்-1 ஆண்டுக்கு ஒரு அலகுக்கும் குறைவாகத்தான் தரும். 2015-இல் விட்டுவைத்த இயந்திர எண்ணிக்கையை இதோடு ஒப்பிட்டால், பிரேக்அவுட் காலம் (ஒரு குண்டுக்கான பொருளை எடுக்க ஆகும் காலம்) ஓராண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது புரியும். 60 சதவீதப் பொருள் கையில் இருந்தால் மிச்ச வேலை நூறு அலகுக்குள் முடியும். அதைவிடத் திறன் கூடிய ஐஆர்-6 ரக இயந்திரங்கள் சில நூறுக்கு அது நாள்கணக்கு. ஒரு குண்டுக்கு அடிப்படை என்று முகமை வைத்திருக்கும் அளவு 60 சதவீதத்தில் சுமார் 42 கிலோ. 2025 ஜூன் 13 அன்று ஈரானிடம் இருந்ததாக முகமை மதிப்பிட்டது 440.9 கிலோ.

மணலி குமரேசன்

பேச்சு முழுக்க யுரேனியத்திலேயே நிற்கிறது. ஒப்பந்தத்தின் மறுபாதி எண்ணெயும் வங்கியும். அந்தப் பாதியைப் பார்க்காமல் ஈரான் தலைமை ஏன் 2019-இல் படிப்படியாக மீறியது என்பது விளங்காது.

நம்ம மணலி சுத்திகரிப்பு ஆலையையே எடுத்துக்கலாம். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கியபோது இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் மூணு பேரும் பங்குதாரர். ஈரான் நிறுவனத்தின் கிளையான நாஃப்டிரானுக்கு, சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறின அதே நிறுவனத்தில் 2025-லும் 15.4 சதவீதம் இருந்தது. அப்படி உறவு உள்ள இந்தியாவே 2019 மே மாதம் ஈரான் கச்சா எண்ணெயை நிறுத்த வேண்டி வந்தது. 2018 நவம்பரில் அமெரிக்கா எட்டு நாடுகளுக்குக் கொடுத்த 180 நாள் விலக்கு முடிஞ்சதுதான் காரணம். நாம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவங்க இல்லை, மீறியவங்களும் இல்லை.

2016 முதல் 2018 வரை தடை நீங்கியிருந்த காலத்திலும் ஈரானுக்குச் சேர்ந்தது என்ன? எண்ணெய் விற்பனை சீக்கிரம் மீண்டது, அது உண்மை. ஆனா பெரிய ஐரோப்பிய வங்கிகள் திரும்பி வரலை. 2014-இல் பிஎன்பி பரிபா வங்கி, ஈரான், சூடான், கியூபா தொடர்பான பரிவர்த்தனைக்காக அமெரிக்காவுக்குச் சுமார் 890 கோடி டாலர் கட்டியதை எல்லா வங்கியும் பார்த்திருந்தது. டாலரில் தீர்வாகும் எந்தப் பணமும் நியூயார்க் வழியாகப் போகும், அங்கே பிடிபடும். ஏர்பஸ்ஸிடம் நூறு விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டு ஈரானுக்கு வந்தது மூணு. போயிங்கிடம் 80, வந்தது பூஜ்யம். டோட்டல் நிறுவனம் 2017-இல் தென்பார்ஸ் எரிவாயு வயலுக்கு ஒப்பந்தம் போட்டு அடுத்த ஆண்டே வெளியேறியது.

செறிவு 3.67-ஐத் தாண்டினா அன்றைக்கே தெரியும். தடை உண்மையில் நீங்கிச்சா என்பதை அளக்க யாரும் இல்லை. வங்கி "எங்களுக்கு ஆபத்து, வேண்டாம்" என்று சொன்னா அது யாருடைய மீறல்? ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை இது. ஈரானில் பேச்சுவார்த்தையை ஆதரித்த அன்றைய அதிபர் ரூஹானி, வெளியுறவு அமைச்சர் ஜரீஃப் தரப்பின் செல்வாக்கு சரிஞ்சதும் இதனாலேதான்.

2025-இல் நடந்ததையும் சொல்லணும். ஏப்ரல் 12 முதல் ஓமன் நடுவராக ஐந்து சுற்றுப் பேச்சு. ஆறாவது சுற்று ஜூன் 15-இல் மஸ்கட்டில். ஜூன் 13-இல் இஸ்ரேல் தாக்கியது, 22-இல் அமெரிக்கா ஃபோர்டோ, நதன்ஸ், இஸ்ஃபஹான் மூணையும் குண்டு போட்டுத் தாக்கியது. பேச்சு மேசையில் தேதி குறிச்சிருந்தபோது நடந்த தாக்குதல் இது. லிபியா 2003-இல் தன் திட்டத்தை ஒப்படைச்சது, 2011-இல் கடாஃபி என்ன ஆனார் என்பதையும் தெஹ்ரானில் எல்லாரும் பார்த்திருக்காங்க. நம்பிக்கைக் கேள்வியை ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது நியாயமில்லை.

பரங்கிமலை பாலா

குமரேசன், அமெரிக்கா 2018-இல் செய்தது தவறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சுந்தர் கேட்டது ஈரானைப் பற்றி. ஒருவர் வாக்கு மீறியதால் மற்றவர் வாக்கு நம்பத்தக்கதாக ஆகிவிடாது.

ரேவதி மேடம் சொன்ன அளவுகோல் வாதத்துக்கு வருகிறேன். அது வலுவான வாதம்தான். ஆனால் ஈபி மீட்டரை நுகர்வோரே கழற்றி வைக்க முடியும் என்றால் ரீடிங்குக்கு என்ன மதிப்பு? 2020 நவம்பரில் ஈரானின் அணு விஞ்ஞானி ஃபக்ரிஸாதே கொல்லப்பட்டார். டிசம்பரில் ஈரான் நாடாளுமன்றம் செறிவூட்டலைக் கூட்டவும் ஆய்வைக் குறைக்கவும் சட்டம் போட்டது. 2021 ஜனவரியில் 20 சதவீதம், பிப்ரவரியில் கூடுதல் நெறிமுறை (அறிவிக்காத இடங்களையும் ஆய்வாளர் பார்க்க வழிவிடும் ஏற்பாடு) நிறுத்தம், ஏப்ரலில் 60 சதவீதம். 2022 ஜூனில் முகமையின் 27 கேமராக்களைக் கழற்றச் சொன்னார்கள். 2023 செப்டம்பரில் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் பலரின் அனுமதியை ரத்து செய்தார்கள். 2025 ஜூலையில் ஒத்துழைப்பையே நிறுத்தச் சட்டம். செப்டம்பர் 9-இல் கெய்ரோவில் ஈரான் வெளியுறவு அமைச்சர் அராக்சி, முகமைத் தலைவர் க்ரோஸியுடன் ஆய்வை மீண்டும் தொடங்க ஒரு ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்டார். நவம்பர் 20-இல் முகமையின் ஆட்சிக்குழு தீர்மானம் போட்டதும் அதுவும் செல்லாது என்றார்கள். இரண்டரை மாதம்கூட நிற்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள், சில காரணங்கள் நியாயமாகவும் இருக்கும். ஆனால் ஆய்வாளரின் வருகையையே பேரப் பொருளாக வைத்திருக்கிறார்கள் என்பது மாறாது. கோபம் வந்தால் முதலில் மூடுவது அந்தக் கதவைத்தான்.

ஆயிரம்விளக்கு ஹைதர்

அணுகுண்டு ஹராம் என்ற ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் இதில் மிகையாகப் பேசுகிறது.

அணு ஆயுதம் மார்க்கத்துக்கு விரோதம் என்று ஈரானின் உச்சத் தலைவர் என்ற முறையில் காமனெயி பல முறை பொதுவில் சொல்லியிருக்கிறார். 2005 ஆகஸ்டில் முகமைக்கு ஈரான் கொடுத்த அறிக்கையிலும் அது இருந்தது. ஆனால் ஷியா சட்ட மரபில் ஒரு முஜ்தஹித் (தீர்ப்பு சொல்லும் தகுதி பெற்ற மார்க்க அறிஞர்) சூழல் மாறினால் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். அதனால் ஃபத்வாவை ஒப்பந்தத்தின் ஷரத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. 2015-இல் பேசியவர்களும் அதை நம்பி ஒரு எண்ணைக்கூடத் தளர்த்தவில்லை.

மறுபக்கம், "தகிய்யா இருக்கிறது, அதனால் ஷியாக்கள் ஒப்பந்தத்தில் பொய் சொல்வது கடமை" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது தவறு, நம் ஊர் ஷியா குடும்பங்களையும் புண்படுத்துகிறது. தகிய்யா என்பது உயிருக்கு ஆபத்து வரும்போது நம்பிக்கையை மறைத்துக்கொள்ள ஒடுக்கப்பட்ட சிறுபான்மைக்குக் கிடைத்த அனுமதி. செய்த உடன்படிக்கையைக் காப்பது தனிக் கடமை. பாலா அண்ணன் பட்டியலிட்டது அரசுகள் செய்யும் மறைப்பு. அதற்கு மதத்தில் விளக்கம் தேட வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். "ஈரான் தலைவர்கள்" என்று ஒரே ஆளாகப் பேசுகிறோம். வெளியுறவு அமைச்சர் பேசுவார். முடிவு உச்ச தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் உருவாகி உச்சத் தலைவரின் ஒப்புதலோடுதான் வரும். 2020 டிசம்பர் சட்டத்தை ரூஹானி அரசாங்கமே எதிர்த்தது, ஆனாலும் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அராக்சி நேர்மையானவரா என்று அலசுவது பயன் தராது. அவர் போட்ட கையெழுத்தை அந்தக் கவுன்சில் ஏற்றதா, நாடாளுமன்றம் சட்டமாக்கியதா என்று பார்க்க வேண்டும்.

மயிலாப்பூர் சுந்தர்

மிக்க நன்றி. இடையில் ஒரு கேள்வி. 2015 ஒப்பந்தத்தில் சந்தேக இடத்துக்குப் போக 24 நாள் அவகாசம் இருந்ததாமே? அதற்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட மாட்டார்களா? எங்கள் வட்டத்தில் இதைத்தான் பெரிய அம்பாக வைத்திருக்கிறார்கள்.

பெசன்ட்நகர் ரேவதி

24 நாள் என்பது அறிவிக்கப்படாத இடங்களில் தகராறு வந்தால் மட்டும். முகமையும் ஈரானும் பேசித் தீர்க்க 14 நாள், ஒப்பந்த நாடுகளின் கூட்டு ஆணையத்துக்கு 7, நடைமுறைப்படுத்த 3. நதன்ஸ், ஃபோர்டோ போன்ற அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு ஆய்வாளர் தினமும் போகலாம்.

துடைத்தால் போகுமா என்பது எதைத் துடைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. யுரேனியம் கையாண்ட இடமானால் போகாது. ஹெக்ஸாஃபுளோரைடு காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் யுரேனைல் ஃபுளோரைடு நுண்தூளாக மாறித் தரை இடுக்கு, மூட்டு, காற்றுக்குழாய் எங்கும் படியும். ஒரு மைக்ரான் அளவுத் துகளிலேயே ஐசோடோப்பு விகிதம் பார்க்க முகமையின் ஸீபர்ஸ்டார்ஃப் ஆய்வகத்தால் முடியும். கலாயேவும் துர்குஸாபாத்தும் இதற்குச் சாட்சி. பாலா சார் சொன்ன அந்தக் கிடங்கைக் காலி செய்ய அவர்களுக்குக் கிடைத்தது 24 நாளைவிடப் பல மடங்கு.

ஆனால் அணுப்பொருள் இல்லாத வேலை வேறு. கணினியில் வெடிப்பு மாதிரிக் கணக்கு, வெடிமருந்து லென்ஸ் வடிவமைப்பு, டெட்டனேட்டர் சோதனை ஆகியவற்றை 24 நாளில் அப்புறப்படுத்தலாம், துகளும் மிஞ்சாது. முகமையின் அதிகாரமும் அங்கே பலவீனம். 2015 டிசம்பரில் முகமை தந்த முடிவு, 2003-க்கு முன் ஒருங்கிணைந்த ஆயுத முயற்சி இருந்தது, சில வேலைகள் அதன் பிறகும் தொடர்ந்தன, 2009-க்குப் பின் நம்பத்தக்க தடயம் இல்லை என்பது. உங்கள் நண்பர்களின் அம்பு அந்த இடத்தில்தான் தைக்கும், செறிவூட்டலில் தைக்காது.

கேமரா விஷயத்தில் பாலா சாரோடு நான் பாதி உடன்படுகிறேன். மூடினார்கள். ஆனால் மூடியது உடனே உலகத்துக்குத் தெரிந்தது, நதன்ஸ்போல ஒளிந்து நடக்கவில்லை. உண்மையான இழப்பு எங்கே என்றால், 2021 பிப்ரவரிக்குப் பிறகு செய்த சுழல் குழாய், பெல்லோஸ் எண்ணிக்கையை முகமை இனி ஒருபோதும் முழுதாகத் திரும்பக் கட்ட முடியாது. எத்தனை சென்ட்ரிஃபியூஜ் கணக்கில் வராமல் எங்கே இருக்கும் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. எனக்கு 440 கிலோவைவிடக் கவலை தருவது அது.

முதல் நாள் வேலை என்ன என்று கேட்டிருந்தீர்கள். முதலில் காகிதம். தாக்கப்பட்ட ஆலைகளின் நிலை, பொருள் இருக்கும் இடம் பற்றி ஈரான் முகமைக்குச் சிறப்பு அறிக்கை தர வேண்டும். 2025 ஜூன் முதல் இந்த டிசம்பர் வரை அந்தக் கையிருப்பை ஆய்வாளர் யாரும் பார்க்கவில்லை. பிறகு சிலிண்டர்கள். 440.9 கிலோ யுரேனியம் என்பது ஹெக்ஸாஃபுளோரைடாக ஏறத்தாழ 650 கிலோ, ஆள் தூக்கிப்போகக்கூடிய சிறு சிலிண்டர்களில் இருக்கும். ஒவ்வொன்றின் எண்ணையும் பழைய பதிவோடு ஒப்பிட்டு, தராசில் நிறுத்தி, வெளியிலிருந்து காமா கருவியால் செறிவைப் பார்த்து, சிலவற்றிலிருந்து சில கிராம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, சீல் வைக்க வேண்டும்.

சிக்கல் வருவது உடைந்த கூடங்களில். தாக்குதல் நடந்தபோது குழாய்களுக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் இருந்த வாயு கசிந்து படிந்திருக்கும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு நச்சு வேறு. பாதுகாப்பு உடை இல்லாமல் நுழைய முடியாது, படிந்ததை எடை போடவும் முடியாது, மதிப்பிடத்தான் முடியும். ஆகவே கணக்கில் சில கிலோ இடைவெளி விழுவது உறுதி. திருட்டு நடக்காமலேயே விழும். அந்த இடைவெளி எவ்வளவு வரை ஏற்கத்தக்கது என்பதை முன்கூட்டி எழுதிக்கொள்ளாவிட்டால், நேர்மையாக நடந்தாலும் "மறைத்துவிட்டார்கள்" என்று ஒரு பக்கம் சொல்லும், "வேவு பார்க்கிறார்கள்" என்று மறுபக்கம் சொல்லும்.

பரங்கிமலை பாலா

சிலிண்டர் சரிபார்ப்பு முடியும் முன் ஒரு தடையைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பேன். 60 சதவீதப் பொருள் முழுவதும் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டும், அல்லது ஆய்வாளர் முன்னிலையில் இயற்கை யுரேனியத்தோடு கலந்து 5 சதவீதத்துக்குக் கீழே இறக்கப்பட வேண்டும். கூடுதல் நெறிமுறையைத் தற்காலிகமாகக் கடைப்பிடிப்பது போதாது. 2003-இல் தொடங்கி 2006-இல் நிறுத்தினார்கள், 2016-இல் தொடங்கி 2021-இல் நிறுத்தினார்கள். நாடாளுமன்றம் அதை ஏற்றுச் சட்டமாக்கட்டும். ஹைதர் தம்பி சொன்ன சோதனையும் அதுதானே.

மணலி குமரேசன்

பாலா சார், முழு சரிபார்ப்பில் எவ்வளவு சிக்கல் என்று மேடமே சொல்றாங்க, மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் ஒண்ணுமே தரமாட்டோம் என்றால் ஈரான் முதல் சிலிண்டரையே காட்டாது. 2025 செப்டம்பர் கடைசியில் ஸ்னாப்பேக் (ஈரான் மீறினால் பழைய தடைகளைத் திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாடு) மூலம் ஐநா தடைகள் திரும்பி வந்தாச்சு. 2015 ஒப்பந்தத்தை ஏற்ற பாதுகாப்புக் கவுன்சிலின் 2231 தீர்மானத்தில் வைத்திருந்த அந்த ஆயுதத்தைப் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி பயன்படுத்தி முடிச்சாச்சு. இனி தடையை நீக்கணும்னா பாதுகாப்புக் கவுன்சிலில் புதுத் தீர்மானம் வேணும், அமெரிக்கா வீட்டோ போடாம இருக்கணும். ஈரானுக்கு அது தெரியும்.

நடைமுறையில் ஓடுறது தவணைதான். 2013 நவம்பர் ஜெனீவா இடைக்கால ஏற்பாட்டில் அப்படித்தான் செய்தாங்க. 20 சதவீதப் பொருளை இறக்க இறக்க, முடக்கி வைத்த எண்ணெய்ப் பணத்தில் மாதாமாதம் ஒரு பகுதியை விடுவிச்சாங்க. இறக்கும் வேலையோடு கட்டின தவணைகளுக்கு, முகமை "வேலை முடிந்தது" என்று எழுதின பிறகுதான் பணம் நகரும். அந்த ஏற்பாட்டை இரண்டு பக்கமும் இறுதி ஒப்பந்தம் வரை கடைப்பிடிச்சாங்க.

பணத்துக்கும் அதே கண்டிப்பு வேணும். 2023 செப்டம்பரில் தென்கொரியாவில் கிடந்த 600 கோடி டாலர் கத்தார் வங்கிக்குப் போனது, அடுத்த மாதமே அமெரிக்காவும் கத்தாரும் பேசி அதைத் தொட முடியாதபடி ஆக்கிட்டாங்க. அடுத்த முறை பணம் எந்த வங்கியில், எந்த நாணயத்தில், எந்தப் பொருளுக்கு, எத்தனை நாளில் என்று எழுதணும். 2012-இல் நாம எண்ணெய்க் காசில் 45 சதவீதத்தை யூகோ வங்கியில் ரூபாயாகப் போட்டோமே, அந்த மாதிரி டாலரைத் தொடாத கணக்கு ஒண்ணு இருந்தால் ஒவ்வொரு தவணையும் சேர்ந்ததா இல்லையா என்று வங்கிக் கணக்கே காட்டும். மாதம் இத்தனை சிலிண்டர் இறக்கணும், அது முடிஞ்ச பத்தாம் நாள் இத்தனை கோடி வரவு வைக்கணும் என்று இரண்டு பத்தியையும் ஒரே தாளில் எழுதினால், முதலில் தவறியது யார் என்பது அந்த மாதமே தெரிஞ்சிடும்.

மயிலாப்பூர் சுந்தர்

பாலா சாரின் நிபந்தனையையும் குமரேசன் அண்ணனின் தவணையையும் எதிரெதிராக வைத்தே ஞாயிறு விவாதத்தை நடத்துகிறோம். ரேவதி மேடம், அந்த 1000 அணுக் கணக்கை கரும்பலகையில் போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். ஹைதர் பாய், தகிய்யா பற்றிய உங்கள் பதிவை அப்படியே வாசிக்க அனுமதி வேண்டும்.

ஆயிரம்விளக்கு ஹைதர்

தாராளமாக வாசியுங்கள் சார். கவுன்சில், நாடாளுமன்றம் பற்றிய பத்தியையும் விட்டுவிடாதீர்கள்.